மண் காணாத கீரை

செஞ்சிக்கு முதன்முறை வருகிறவர்கள் கல்லைப் பார்த்து வியப்பார்கள். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் யாரோ அள்ளிக் கொட்டிவிட்டுப் போன பாறைக் குவியல்களைப் போலவே தோன்றும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் படையியல் நிலவமைப்புகள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் மராட்டிய மாநிலத்துக்கு வெளியே இருப்பது எங்கள் செஞ்சி ஒன்றுதான். அதன்பின் வெளியூர் நண்பர்கள் கோட்டை பார்க்க வருவது கூடிவிட்டது. வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். வந்தவர்கள் கூடத்துச் சன்னலோரம் இருக்கும் இரண்டு தெர்மாகோல் பெட்டிகளைக் கண்டு, "இதென்ன, வீட்டுக்குள் கீரையா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒருமுறையேனும் முழுதாகச் சொல்லிவிடலாம் என்றே இதை எழுதுகிறோம்.

இக்கட்டுரை நெடுகிலும் 'நாங்கள்' என்றே வரும். இது வகுப்பறையில் பழகிய பன்மை அன்று. அந்தப் பெட்டிகளில் கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள் ஆகிய மூவரின் கையும் உண்டு. நேர்ந்த பிழைகளிலும் அப்படியே. அம்மா என்று இதில் வருபவர் எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார், மகளுக்கு ஆயா. வீட்டில் பெரியவர்கள் இருவருமே அவரை அம்மா என்றுதான் அழைக்கிறோம்.

சங்கராபரணி ஆற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் ஓட்டு வீடும் அதன் பின்னே முப்பது சென்ட் கொல்லையுமாக அம்மா தனியே வாழ்ந்து வந்தார். ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் அவரைச் செஞ்சியில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீட்டுக்குள் கைத்தடி ஊன்றி நடப்பார். பதினெட்டுப் படிகள் இறங்குவது மட்டும் இன்றளவும் அவரால் ஆகவில்லை. ஆகவே வந்த நாள் முதல் அம்மாவின் கால் மண்ணில் படவில்லை.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "கொல்லைய யாரு பாக்கறா?" கொல்லையைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். இடையில் மனைத்தரகர் ஒருவர் நல்ல விலை சொல்லி வந்தார். உடன்பிறந்தோர் கூடிப் பேசி, விற்றுவிடலாம் என்ற முடிவை ஏறக்குறைய எட்டியும் விட்டோம். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குள் கீரை வளர்க்கும் எண்ணம் எங்களுக்கு எழுந்தது அந்த நாள்களில்தான். அதில் அன்பு எவ்வளவு, குற்றவுணர்வு எவ்வளவு என்று எங்களால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

* * *

முதலில் மொட்டைமாடியில்தான் முயன்றோம். பைகளில் தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் கலந்து முளைக்கீரை விதைத்தோம். இருபதாம் நாள் கோட்டைப் பக்கமிருந்து குரங்குகள் வந்தன. முற்பகல் வகுப்பை முடித்து நாங்கள் திரும்புவதற்குள் ஒரு பையும் மிஞ்சவில்லை. வேரோடு பிடுங்கி, தின்றது பாதி, எறிந்தது பாதி. வலை கட்டலாம் என்றால் வாடகை வீடு. இனி வீட்டுக்குள்ளே வளர்த்தால்தான் உண்டு என்றாயிற்று. மாடி வீட்டுக் கூடத்தில் மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்ட முடியாது. மண்ணில்லாமல் வளர்க்கும் முறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

படிக்கப் படிக்கச் சுவையாக இருந்தது. வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியம் நாட்டு அறிஞர் இருநூறு பவுண்டு உலர்ந்த மண்ணில் ஐந்து பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி ஐந்தாண்டு வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல் நிறுத்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ். மரம் தண்ணீராலேயே ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்தபின் 1648இல் அச்சான நூலில் இச்செய்தி வெளிவந்தது. காற்றிலிருந்து இலை கரியை எடுத்துக்கொள்கிறது என்பது அவருக்குத் தெரியாது. குறைந்துபோன அந்த இரண்டு அவுன்ஸையும் அவர் பொருட்படுத்தவில்லை. 1699இல் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாவை மழைநீரிலும் ஆற்று நீரிலும் மண் கரைத்த நீரிலும் வளர்த்துப் பார்த்தார். மண் கரைத்த நீரில்தான் செடி செழித்தது. அந்த இரண்டு அவுன்ஸில் ஏதோ இருக்கிறது என்பது அப்போது புலப்பட்டது. 1860களில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் இருவரும் அது என்ன என்பதைக் கண்டு, உப்புகளை எடை போட்டுக் கரைத்து அதிலேயே செடியை வளர்த்தும் காட்டினார்கள்.

இன்றைய அறிவின்படி செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் பதினேழு. கரி, நீரகம், உயிரகம் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. மற்றப் பதினான்கையும் வேர் உப்புகளாக உறிஞ்ச வேண்டும். மண் அவற்றைச் சேமித்து வைத்திருக்கும் களஞ்சியம். களஞ்சியமின்றி நேரே உணவைப் பரிமாறுவதே இந்த முறை. 1930களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் இதை ஆய்வகத்திலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937இல் அவரால் வழக்குக்கு வந்தது. கிரேக்கத்தில் நீர், உழைப்பு என்னும் இரு சொற்களின் கூட்டு அது. அதே காலத்தில், பசிபிக் பெருங்கடலில் விமானங்கள் இறங்கி எண்ணெய் நிரப்பும் வேக் தீவில், பயிருக்கேற்ற மண் இல்லாத அந்தப் பவழத்திட்டில், பயணிகளுக்காக இம்முறையில் காய்கறி விளைவித்தார்கள். நம் நாட்டிலும் இதற்கு முன்வரலாறு உண்டு. 1946இல் டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், விலையுயர்ந்த கருவிகளின்றி எளிய குடும்பத்தாரும் செய்யத்தக்க முறை ஒன்றை வகுக்க முற்பட்டார். பின்னாளில் அது வங்க முறை என்றே பெயர் பெற்றது.

நாங்கள் கைக்கொண்டது இவற்றுள் மிக எளியது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிஞர் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை அது. இதற்கு மோட்டாரும் குழாயும் வேண்டா. மூடியுள்ள பெட்டியில் சத்துநீரை நிரப்பி, மூடியில் துளையிட்டுச் செடியைத் தொங்கவிட வேண்டும். தொடக்கத்தில் வேர்நுனி நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும்; வேரும் பின்தொடர்ந்து இறங்கும். நீருக்கும் மூடிக்கும் நடுவே விழும் இடைவெளியில் வேரின் மேற்பகுதி காற்றை உண்ணப் பழகிக்கொள்ளும். அடிவேர் நீர் குடிக்கும், மேல்வேர் மூச்சு விடும். அறுவடைவரை மறுபடி நீர் ஊற்ற வேண்டியதில்லை. சோம்பேறிகளுக்கென்றே வகுத்த வேளாண்மை என்று சிரித்துக்கொண்டோம்.

* * *

செய்துபார்க்க விரும்புவோர்க்காக எங்கள் பெட்டியின் அமைப்பையும் சொல்லிவிடுகிறோம். பழக்கடையில் வாங்கிய பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று. இருபது லிட்டர் பிடிக்கும். தெர்மாகோலுக்கு ஒரு நன்மை உண்டு. செஞ்சிக் கோடையில் பாறைகள் இரவிலும் அனல் கக்கும். நீர் சூடானால் அதில் கரைந்துள்ள உயிரகம் குறைந்து வேர் அழுகும். தெர்மாகோல் சூட்டைத் தடுக்கும். பெட்டிக்குள் கறுப்புத் தாள் விரித்தோம். வெளிச்சம் புகுந்தால் நீரில் பாசி படியும். மூடியில் பன்னிரண்டு துளைகள். ஒவ்வொன்றிலும் அடியில் ஓட்டையிட்ட காகிதக் குவளை, அதனுள் நன்கு கழுவிய தென்னை நார்க்கழிவு. மூடி இறுக்கமாக இருத்தல் வேண்டும். டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீரைத்தான் தேடும்.

சன்னல் கிழக்கு நோக்கியது. காலை வெயில் மூன்று மணி நேரம்தான்; அது போதாது. எனவே இருபது வாட் எல்இடி குழல்விளக்குகள் இரண்டைச் செடிக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டினோம். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் எரிந்தால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்துக்கு முப்பத்துநான்கு யூனிட் அளவில் ஆகும். மாலையில் வீதியில் போகிறவர்கள், நாங்கள் இரவெல்லாம் விடைத்தாள் திருத்துவதாக எண்ணிக்கொண்டார்கள்.

முதல் பயிர் உப்பால் செத்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்த நீரிலேயே, உரக்கடையில் கிடைத்த 19:19:19 உரத்தைத் தேக்கரண்டிக் கணக்கில் கரைத்தோம். இரண்டு பிழைகள் ஒருங்கே நேர்ந்தன. நீரிலேயே உப்பு மிகுதி. அதன்மேல் அளவின்றி உரம். இலை விளிம்புகள் தீய்ந்தாற்போல் கருகின. மேலும் அவ்வுரத்தில் உள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு யூரியா. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதைச் செடிக்கு ஏற்றவாறு மாற்றித் தருகின்றன. எங்கள் பெட்டியில் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஏது? இரண்டாம் முறை மழைநீரைப் பிடித்து வைத்தோம். நீர்வளர்ப்புக்கென்றே விற்கும் இரண்டு புட்டிச் சத்துநீரை வாங்கினோம். சுண்ணாம்புச் சத்து ஒரு புட்டியில், கந்தகமும் மணிச்சத்தும் மற்றொன்றில் இருக்கும். கரைக்காமல் அவற்றை நேரடியாகக் கலந்தால் அடியில் படிவாகிப் பயனற்றுப் போகும். ஒன்றைத் தண்ணீரில் கரைத்தபின் மற்றதை ஊற்ற வேண்டும். உப்பளவு காட்டும் சிறு கருவி ஒன்றையும் வாங்கினோம். அதில் எழுநூறு காட்டும் அளவில் கீரைக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த முறை கீரை வந்தது. பதினைந்தாம் நாள் கூடத்தில் நுழைந்தாலே பச்சை கண்ணில் பட்டது. அம்மா தம் நாற்காலியைப் பெட்டிக்கு அருகே போட்டுக்கொண்டார். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பதினெட்டாம் நாள் செடிகள் துவண்டன. நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் பெட்டி நிறைய நீர். பாதிக்கு இறங்கியிருக்க வேண்டிய நீர் விளிம்பைத் தொட்டு நின்றது. காற்றுக்குப் பழகிய வேர்கள் முழுவதும் மூழ்கிப் பழுப்பேறியிருந்தன.

"நான்தான் ஊத்தனேன்," என்றார் அம்மா. "டெய்லி ரெண்டு சொம்பு. நீங்க காலேஜுக்குப் போனப்புறம் பாக்கறேன், தண்ணி கீழ எறங்கிக்கினே போவுது. பாவம், வாயில்லாத ஜீவன்."

நாங்கள் குரலை உயர்த்திவிட்டோம். எத்தனை முறை சொன்னோம், ஊற்றக்கூடாது என்று. இது அப்படிப்பட்ட செடி இல்லை என்று. அம்மா எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "தண்ணி ஊத்தனா சாவற செடிய நான் எங்கயும் பாத்ததில்லப்பா," என்று மட்டும் சொன்னார். நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போடச் சொன்னார். அறுபதாண்டு காலம் காலை எழுந்ததும் செடிக்கு நீர் வார்த்த கை அது. நாங்கள் அதன் எதிரே ஒரு செடியை வைத்துவிட்டு, தொடாதே என்றோம். அவரை ஆற்றுவதற்காகச் செய்த ஏற்பாட்டில் அவருக்கு வேலை ஒன்றுமே இல்லை என்பது அன்றுவரை எங்கள் புத்தியில் உறைக்கவில்லை.

* * *

அடுத்த இரண்டு நாள் அம்மா அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, மறுநாள் வகுப்புக்காகச் சிறுபாணாற்றுப்படையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூலின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. செஞ்சியிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இராது. பாணர் வீட்டு வறுமையைப் பாடும் பகுதியை அறியாத தமிழ் மாணவர் இரார். கண் திறவாத குட்டிகளோடு நாய் கிடக்கும் இடிந்த அடுக்களை. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக்கூடாது என்று தலைவாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். ஆண்டுதோறும் நடத்துகிறோம். உப்பின்மை வறுமையின் எல்லை, கதவடைப்பு மானத்தின் எல்லை என்று நயம் சொல்வோம், மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

"இன்னா கத அது?" என்று அம்மா கேட்டார். சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர், "நாங்களும் கதவச் சாத்திக்கினுதான் தின்னோம்," என்றார்.

அவர் மணமாகி வந்த மறுவருடம் மழை பொய்த்தது. கிணறு வற்றியது. மாமனார் படுக்கையில். கணவர் கரும்பு வெட்டும் கூலிக்கு வெளியூர் போயிருந்தார். அம்மா விடியுமுன் வரப்போரமும் குப்பைமேட்டிலும் கீரை கிள்ளி வருவார். அதுவும் கேழ்வரகுக் கூழும்தான் உணவு. "பக்கத்தூட்டுக்காரி எட்டிப் பாத்துட்டா என்னா பண்றது? அதான் கதவச் சாத்திக்கறது," என்றார்.

"உப்பு இருந்ததா அம்மா?" என்று கேட்டோம். அந்நேரத்திலும் ஆசிரியப் புத்தி போகவில்லை.

"உப்பு இருந்துச்சு. புளிதான் இல்ல."

அடுத்த ஆண்டு மழை பெய்ததும் அவர் செய்த முதல் வேலை, வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி கட்டியதுதான். அரைக்கீரை, முளைக்கீரை, தண்டு, வாய்க்காலோரம் பொன்னாங்கண்ணி. அதன்பிறகு கீரைக்காக அவர் யார் நிலத்திலும் கால் வைத்ததில்லை. "கீரைன்னு கேட்டு வந்த ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பல" என்பதை இரண்டு முறை சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு உண்டவர் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொல்லைப் படலைத் திறந்தே வைத்திருந்தார். விலை பேசி முடிக்க இருந்தோமே, அந்தக் கொல்லைதான் அது. ஐம்பது ஆண்டுக் கதையை ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளும் கேட்டதில்லை. எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கொல்லையில் கீரை இருந்தது. அது ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

* * *

மறுநாள் அம்மாவே தொடங்கினார். "உங்க பொட்டிக்கு இந்தக் கீரை ஆவாது. பொன்னாங்கண்ணி வாங்கியாங்க. எலையக் கிள்ளிக்கினு தண்ட எங்கிட்ட குடுங்க."

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பொன்னாங்கண்ணி வாய்க்கால் ஓரத்திலும் குளக்கரையிலும் தானே படரும் செடி. வேர் நீரில் நின்றாலும் அழுகாது. விதை வேண்டா, கணுவோடு தண்டை ஒடித்து நீரில் வைத்தாலே வேர்விடும். வேக் தீவும் ஹவாயும் வரை போய்ப் படித்த எங்களுக்குச் சங்கராபரணி வாய்க்கால் நினைவுக்கு வரவில்லை.

சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து விரல் பருமன் தண்டுகளை அம்மா தேர்ந்தெடுத்தார். கணு இரண்டு நீருக்குள், இரண்டு மேலே என்று கணக்குச் சொல்லி மகளைக்கொண்டு இரண்டாம் பெட்டியில் செருகினார். ஐந்தாம் நாள் கணுக்களில் வெள்ளை நூலாக வேர் தெரிந்தது. அந்தப் பெட்டியின் மூலையில் ஒரு துளை விட்டு, கொசு புகாதபடி வலைத்துணி கட்டினோம். அதன் வழியே அம்மா நாள்தோறும் ஒரு சொம்பு ஊற்றுகிறார். சத்துநீரை வாரம் ஒருமுறை நாங்கள் மாற்றுகிறோம். முதல் பெட்டி ஊற்றக்கூடாத பெட்டி, இரண்டாவது ஆயா பெட்டி என்று மகள் பெயரிட்டாள். முதல் பெட்டியிலும் முளைக்கீரையை மறுபடி விதைத்தோம். அதன் பக்கம் அம்மா திரும்புவதில்லை. வெளிச்சம் பட்டு நிற்கும் வேளையில் மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம்.

நாற்பதாம் நாள் பொன்னாங்கண்ணி முதல் அறுப்புக்கு வந்தது. சமைக்கலாம் என்று எழுந்தபோது அம்மா தடுத்தார். கீரையை மடியில் போட்டுக்கொண்டு நுனி சேர்த்து அடுக்கினார். பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரால் இரண்டு கட்டாகக் கட்டினார். ஒன்றை மகளிடம் கொடுத்து, "கீழ வூட்டம்மா கையில குடு. ஆயா குடுத்துதுன்னு சொல்லு," என்றார். கீழ்வீட்டு அம்மையார் சற்று நேரத்தில் படியேறி வந்தார். அம்மா விழுந்து எங்களோடு வந்த பின் அவர் மாடிக்கு வந்தது அதுவே முதல்முறை. இருவரும் ஒருமணி நேரம் பேசினார்கள். கதவு திறந்தே இருந்தது.

மற்றக் கட்டை அன்றிரவு துவரம்பருப்போடு கடைந்தோம். அம்மா ஒரு வாய் உண்டு பார்த்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ருசி கொஞ்சம் கம்மிதான். மண்ணு காணல இல்ல?" என்றார். மறுபடி போட்டுக்கொண்டார்.

* * *

கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெட்டி, விளக்கு, சத்துநீர், அளவைக் கருவி எல்லாமாக இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய ஆயிற்று. ஐந்து மாதத்தில் அறுத்தது நாற்பது கட்டு. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு கட்டுப் பதினைந்தோ இருபதோ. பணத்தைப் பார்த்தால் தோற்றோம். கீரை மலிவாகக் கிடைக்கும் ஊரில் இதைச் சிக்கனம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டா. பூச்சிமருந்து படாத கீரை, குறைந்த நீரில் விளையும் கீரை என்ற நன்மைகள் மெய்தான். மண்ணும் வெயிலும் உள்ளவர்கள் மண்ணிலேயே வளர்க்கலாம். படியிறங்க இயலாதவர் ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு பெட்டி வைத்துப் பாருங்கள். வைக்குமுன் அவரிடம் கேட்டு, அவர் கைக்கு ஒரு வேலையை ஒதுக்கிவிட்டு வையுங்கள். எங்களுக்கு இது முதலில் தெரிந்திருந்தால் ஒரு பயிரும் ஒரு சண்டையும் மிஞ்சியிருக்கும்.

கோட்டைக்கு விருந்தினரை அழைத்துப் போகும்போது கல்யாண மகாலைக் காட்டுவோம். ஐந்நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அருகே பெரிய நெற்களஞ்சியம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு நெல் களஞ்சியத்தில் இருந்திருக்கும், நீர் குளத்தில் இருந்திருக்கும். எட்டாண்டு காலம் கீரைக்கு என்ன செய்தார்கள் என்று இப்போதெல்லாம் எங்களுக்குத் தோன்றுகிறது. எந்தச் சுவரோரத்திலோ யாரோ ஒருத்தி நான்கு பாத்தி கட்டியிருப்பாள். வரலாற்றில் அவளுக்கு இடமில்லை.

கொல்லையை விற்கும் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறோம். உடன்பிறந்தோர் அனைவரும் இதற்கு உடன்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவருக்குப் பணம் தேவையாகத்தான் இருக்கிறது. ஓராண்டு பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். அதன்பின் என்ன செய்வோம் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. விற்க நேர்ந்தால் அம்மாவிடம் முதலில் சொல்வோம் என்பது மட்டும் முடிவு.

சென்ற ஞாயிறு ஊருக்குப் போய் வந்தோம். புறப்படும்போது அம்மா தம் பெட்டியிலிருந்து வேர்விட்ட தண்டுகள் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். குத்தகைக்காரர் மனைவியிடம் கொடுத்து வாய்க்காலோரம் ஊன்றச் சொல்ல வேண்டும். முன்பிருந்த பொன்னாங்கண்ணி சென்ற கோடையில் காய்ந்துவிட்டதாம். ஊன்றி, ஈரமண்ணைக் காலால் மிதித்துவிட்டு வந்தோம். இரவு வீடு திரும்பியதும் அம்மா எங்கள் செருப்பைத்தான் முதலில் பார்த்தார்.

"மண்ணு ஈரமா இருக்குதே. தண்ணி வந்துச்சா வாய்க்கால்ல?" என்று கேட்டார்.

வந்தது என்றோம்.